பீரோவைத் திறந்துவிட்டு ஸ்கேனர் வாங்குங்கள்

ஸ்கேனர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது “எத்தனை டிபிஐ?” என்றுதான். கடைக்காரரும் பெட்டியைத் திருப்பிக் காட்டி, “இது 2400, அது 4800. கொஞ்சம்தான் கூட, அதையே எடுத்துக்கோங்க சார்” என்பார். எழுத்து மட்டுமே உள்ள வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்ய நினைப்பவருக்கு இந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை. எழுத்துக்கு 300 டிபிஐ போதும். கடையில் இருப்பதிலேயே மலிவான ஸ்கேனர்கூட அதைப்போல் நான்கு மடங்கு, எட்டு மடங்கு நுணுக்கமாகப் படிக்கும். எல்லா மாணவரும் தேறிவிடும் பரீட்சையை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது?

எதை வாங்கலாம் என்பதை உங்களிடம் இருக்கும் காகிதம்தான் சொல்லும். அது எவ்வளவு நீளம், தனித்தாளா தைத்ததா, எத்தனை பக்கம், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும். ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கட்டிலில் பரப்புங்கள்.

பீரோவில் என்ன இருக்கிறது

மூலப் பத்திரம், விற்பனைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீதுகள், மதிப்பெண் சான்றிதழ்கள், எல்ஐசி பாண்டு, மருத்துவமனைக் கோப்புகள், தாத்தாவின் வரவு செலவு நோட்டு, வாரப் பத்திரிகையிலிருந்து பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள். பெரும்பாலான வீடுகளில் இவற்றுக்கு வெளியே அதிகம் இருக்காது. இவற்றை நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், நீளத் தாள்கள். பலரும் வாங்கிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். சாதாரண வீட்டு ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 அளவு. அதாவது சுமார் 216 மி.மீ. அகலம், 297 மி.மீ. நீளம். நம் ஊர்ப் பத்திரங்களோ பெரும்பாலும் லீகல் அளவிலோ அதை ஒட்டிய நீளத்திலோ இருப்பவை. லீகல் தாளின் நீளம் 356 மி.மீ. கண்ணாடியில் வைத்தால் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் வெளியே நிற்கும். பத்திரத்தின் அடியில் அந்த ஆறு சென்டிமீட்டரில்தான் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் இருக்கும். மேலே இருக்கும் முத்திரையை விட்டுக் கீழே நகர்த்தினால் முத்திரைத்தாளின் மதிப்பும் தேதியும் போய்விடும். ஒரு பக்கத்தை இரண்டு தடவை ஸ்கேன் செய்து ஒட்டுவதுதான் வழி. சில நிறுவனங்களின் மென்பொருளிலேயே ஒட்டும் வசதி இருக்கிறது. நடுவில் நான்கைந்து சென்டிமீட்டர் இரண்டு படத்திலும் வரும்படி வைத்தால் ஒட்டு சரியாக விழும்.

இரண்டு மூன்று பத்திரம்தான் என்றால் இந்தச் சிரமம் பெரிதல்ல. முப்பது நாற்பது பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் ஐந்தாறு இருந்தால் அலுத்துப்போகும். அப்போது லீகல் அளவு கண்ணாடி உள்ள ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுப்பதே மலிவு. ஆனால் கடைக் கணினியின் டெஸ்க்டாப்பில் உங்கள் சொத்துப் பத்திரம் படுத்துக்கிடக்கும். பென்டிரைவில் வாங்கிக்கொண்டு, அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லிவிட்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை இது.

இரண்டாம் குவியல், தனித்தனி ஏ4 தாள்கள். வங்கிக் கடிதம், ரசீது, மருத்துவ அறிக்கை. இதில் எண்ணிக்கை மட்டும்தான் கேள்வி. மொத்தம் நூறு பக்கமா, ஆயிரமா, மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகிறதா?

மூன்றாம் குவியல், தைத்தவையும் பைண்டு செய்தவையும். நான்காம் குவியல் சங்கடமான ஜாதி: லேமினேட் செய்த மதிப்பெண் பட்டியல், மடித்த இடத்தில் கிழிந்த கடிதம், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும் மெல்லிய தாள், வெப்பத்தாளில் அச்சான பில். கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்றே கவனியுங்கள். வெப்பத்தாள் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் வெளிறி, சில வருடங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டிக்கு அந்த பில்தான் ஆதாரம் என்றால், ஸ்கேனர் வாங்கும்வரை காத்திருக்காமல் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

300 ஏன் போதும்

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. 300 டிபிஐயில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல் விழும். புத்தக எழுத்தில் மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். 300இல் அது நான்கைந்து பிக்சல் அகலம் பெறுகிறது, கண்ணுக்கும் கணினிக்கும் தெளிவாகத் தெரிகிறது. 150 டிபிஐயில் அதே புள்ளிக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும். தாள் பழுத்திருந்தால் அந்த இரண்டும் பின்னணி அழுக்கோடு கலந்துவிடும். ஆங்கில ஆவணத்துக்கு 200 டிபிஐ போதும் என்று சொல்வதைக் கேட்டுவிட்டுத் தமிழ்த் தாளுக்கும் அதையே வைக்காதீர்கள். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும் மொழி நம்முடையது.

600 டிபிஐ எப்போது வேண்டும்? அகராதி, பஞ்சாங்கம், பத்திரத்தின் சொத்து விவரத்தில் நுணுக்கி எழுதிய அளவுகள் போன்ற பொடி எழுத்துக்கு. மற்றபடி அது வட்டைத்தான் நிரப்பும். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம். சுருக்காத வண்ணப் படமாக அது 26 எம்பி. 600க்குப் போனால் நான்கு மடங்கு, 100 எம்பியைத் தாண்டும். நேரமும் அதற்கேற்ப ஏறும்.

பெட்டியில் 9600, 19,200 என்றெல்லாம் பெரிதாகப் போட்டிருந்தால் அது கணினி இட்டு நிரப்பும் கணக்கு; கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சார் உண்மையில் பார்ப்பது அல்ல. ஆப்டிகல் என்று எழுதியிருக்கும் எண் மட்டும்தான் நிஜம். அதுவும் 1200 என்றால் தாராளம்.

டிபிஐயைவிட முக்கியமான தெரிவு நிறம். மென்பொருளில் கலர், கிரே, கறுப்பு-வெள்ளை என்று மூன்று இருக்கும். கறுப்பு-வெள்ளையில் ஒவ்வொரு பிக்சலும் முழுக் கறுப்பு அல்லது முழு வெள்ளை. எது எது என்று மென்பொருள் ஒரு கோடு போட்டு முடிவு செய்கிறது. புதிய லேசர் பிரிண்டுக்கு அது போதும், கோப்பும் மிகச் சிறிதாக இருக்கும். மங்கிய டைப் எழுத்துக்கும், பென்சில் குறிப்புக்கும், பழுப்பேறிய தாளுக்கும் அது ஆகாது. கோட்டுக்கு மறுபக்கம் விழுந்தது திரும்பி வராது. சந்தேகமானால் கிரேயில் எடுங்கள். முத்திரை, சிவப்பு மைத் திருத்தம், நீல மைக் கையெழுத்து இருக்கும் பக்கங்களைக் கலரில் எடுங்கள். கையெழுத்து மூலத்தில் மையால் போட்டதா, நகலா என்பதைக் கலர்ப் படம்தான் காட்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பது

மொத்தம் ஐம்பது பக்கத்துக்குள் என்றால் எதையும் வாங்க வேண்டாம். மொபைல் போதும். பகல் நேரத்தில் சன்னலோரம் தாளை வைத்து, ஃபிளாஷை அணைத்து, மொபைல் தாளுக்கு இணையாக இருக்கும்படி பிடித்து எடுங்கள். உங்கள் தலையின் நிழல் விழாத பக்கம் நில்லுங்கள். கூகுள் டிரைவ், ஐபோனின் நோட்ஸ் இரண்டிலுமே ஓரம் வெட்டி பிடிஎஃப் ஆக்கும் வசதி உண்டு. கண்ட செயலியையும் இறக்காதீர்கள். ஒரு காலத்தில் எல்லார் மொபைலிலும் இருந்த கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீங்கு நிரல் இருப்பதை 2019இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. ஆதாரும் பத்திரமும் போகும் வழி என்பதால் இதில் கவனம் தேவை.

மொபைலின் பலவீனம் லேமினேட் செய்த சான்றிதழ். விளக்கு, சன்னல், உங்கள் முகம் எல்லாம் அதில் பளபளக்கும். ஸ்கேனரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மூடியை மூடியபின் அதன் சொந்த விளக்கு மட்டும்தான் சாய்வாக விழுகிறது.

அடுத்து, வீட்டில் பிரிண்டர் இருக்கிறதா? ஆல்-இன்-ஒன் என்றால் அதன் மூடிக்கு அடியில் ஒரு ஸ்கேனர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. தனியாக விற்கும் மலிவு ஸ்கேனரில் இருக்கும் அதே வகைச் சென்சார்தான் பெரும்பாலும் அதிலும். எழுத்துக்கு இரண்டும் ஒன்றே. மை தீர்ந்து ஒரு வருடமாக மூலையில் கிடக்கும் பிரிண்டரை ஸ்கேனராக மட்டும் ஓட்டலாம். சில மாடல்கள் மட்டும் மை இல்லாவிட்டால் ஸ்கேன் செய்யவும் மறுக்கும். அது இயந்திரக் கோளாறு அல்ல, மென்பொருள் போடும் முட்டுக்கட்டை. கம்பெனி மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றில் முயன்று பாருங்கள். நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விளம்பரத் தொல்லை இல்லை.

புதிதாக ஸ்கேனருக்காகவே ஆல்-இன்-ஒன் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதம் பத்துப் பக்கம் அச்சடிக்காத வீட்டில் இங்க் காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும். பிறகு முழு இயந்திரமும் சர்வீஸுக்குப் போகும்.

கண்ணாடித் தட்டு ஸ்கேனர்

கடையில் ஃபிளாட்பெட் என்று கேட்க வேண்டும். இதில் இரண்டு ரகம். வித்தியாசம் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும்: சிஐஎஸ், சிசிடி.

சிஐஎஸ் ரகத்தில் எல்ஈடி விளக்கும் சென்சாரும் ஒரே பட்டையாகக் கண்ணாடிக்கு மிக அருகில் நகரும். அதனால் ஸ்கேனர் ஒல்லியாக இருக்கும், யூஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனி அடாப்டர் வேண்டாம். மின்வெட்டிலும் லேப்டாப் பேட்டரி உள்ளவரை வேலை நடக்கும். கேனனின் லைடு 300, லைடு 400, எப்சனின் பெர்ஃபெக்ஷன் வி39 எல்லாம் இந்த ரகம். லைடு 300இன் எடை 1.7 கிலோதான். ஒரு ஏ4 பக்கத்தைப் பத்து விநாடிக்குள்ளோ அதை ஒட்டியோ படித்துவிடும்.

இதன் குறை ஒன்றே ஒன்று. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான் கூர்மையாகத் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் மங்கும். தனித்தாளுக்கு இது பொருட்டே அல்ல. பைண்டு புத்தகத்தில், நடு முதுகை ஒட்டிய சொற்கள் கண்ணாடியைத் தொடாமல் வளைந்து மேலேறும். அங்கே வரியின் முதல் இரண்டு சொல் சாம்பல் நிறப் பட்டையாகிவிடும். மூடியை அழுத்தினால் சரியாகும் என்று அழுத்துவார்கள். பழைய பசை பைண்டிங் படீரென்று விடும், புத்தகம் இரண்டாகும்.

சிசிடி ரகத்தில் உள்ளே இருக்கும் ஆடிகள், லென்ஸ் வழியாகப் படம் சென்சாருக்குப் போகிறது. பெட்டி தடிமன், தனி அடாப்டர் வேண்டும். ஆனால் சில மில்லிமீட்டர் விலகியதையும் தெளிவாகப் பார்க்கும். பைண்டு புத்தகமும் மடிப்பு நீங்காத பழைய கடிதமும் அதிகம் இருந்தால் இதுதான் சரி. புதிதாகக் கிடைக்கும் சிசிடி ஸ்கேனர்கள் இப்போது குறைவு. இருப்பவையும் எப்சன் வி600 போலப் பட நெகட்டிவ்களுக்காகச் செய்த விலை கூடியவை. எழுத்துக்காக மட்டும் அவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள். பிளஸ்டெக் நிறுவனத்தின் ஆப்டிக்புக் வரிசை தனி வகை: கண்ணாடி ஸ்கேனரின் விளிம்புவரை வந்து நிற்கும், புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கண்ணாடியிலும் மறுபக்கத்தைக் கீழே தொங்கவிட்டும் வைக்கலாம். முதுகை உடைக்காமல் நடு எழுத்துவரை வந்துவிடும். பாட்டியின் தொடர்கதை பைண்டுகள் ஒரு அலமாரி இருந்தால் இதைத் தேடிப் பார்க்கலாம். இரண்டு மூன்று புத்தகம்தான் என்றால் ஒரு மொபைல் ஸ்டாண்டும் நல்ல வெளிச்சமும் போதும்.

பின்பக்க எழுத்து தெரியும் மெல்லிய தாளுக்கு, எந்த ரகமானாலும் ஒரு எளிய வைத்தியம் உண்டு. ஸ்கேனர் மூடியின் உட்புறம் வெள்ளை. அது ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் பின்பக்க எழுத்து மேலே வருகிறது. தாளின் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை வைத்து மூடுங்கள். பக்கம் கொஞ்சம் இருண்டு வரும்; பிரகாசத்தைக் கூட்டினால் சரி. பின்பக்க எழுத்து பெரும்பாலும் மறைந்துவிடும்.

தாளை இழுக்கும் ஸ்கேனர்

மேலே அடுக்கிவைத்தால் தானாக ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கும் வகை. கடையில் ஏடிஎஃப் என்பார்கள். இரண்டாம் குவியல் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதற்கு ஈடில்லை. ஃபிளாட்பெட்டில் ஒரு பக்கம் படிக்கப் பத்து விநாடி என்றாலும், மூடியைத் திறந்து, தாளைத் திருப்பி, ஓரம் பொருத்தி, மூடி என்று அரை நிமிடம் போய்விடும். நூறு தாளின் இரு பக்கமும் எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரு பக்கமும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் ஏடிஎஃப் அதை நான்கைந்து நிமிடத்தில் முடிக்கும். நீளத் தாளையும் பெரும்பாலானவை ஏற்கும்; உங்கள் முதல் குவியலுக்கும் ஒரு விடை இதில் இருக்கிறது, ஆனால் அந்தத் தாள்கள் தைக்காமல், கிழியாமல், முத்திரைத்தாளாக இல்லாமல் இருந்தால் மட்டும்.

விலைதான் இடிக்கும். நல்ல ஏடிஎஃப் ஸ்கேனர் ஒரு சிஐஎஸ் ஃபிளாட்பெட்டைப்போல் சில மடங்கு விலை. வீட்டுக்கு ஒருமுறை செய்யும் வேலைக்காக அதை வாங்குவது வீண். அண்ணன் தம்பி, மச்சான் என்று நாலு வீடு சேர்ந்து வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். பழைய கோப்புகள் தீர்ந்ததும் விற்றும்விடலாம். நல்ல நிலையில் இருந்தால் வாங்க ஆள் வரும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை: இரு பக்கமும் ஒரே ஓட்டத்திலா, அல்லது ஒரு பக்கம் முடித்துத் திருப்பி வைக்க வேண்டுமா? இரண்டு தாள் ஒட்டிப் போனால் கண்டுபிடித்து நிறுத்துமா? இழுக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் முழித்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். நம் ஊர்த் தூசியிலும் ஈரப்பதத்திலும் ரோலர்தான் முதலில் போகும்.

ஸ்கேன்ஸ்னாப் என்ற வரிசை இந்த வகையில் நல்ல பெயர் பெற்றது. ஃபுஜிட்சு பெயரில் வந்துகொண்டிருந்தது. அதைச் செய்யும் பிஎஃப்யூ நிறுவனத்தின் பெரும்பங்கை 2022இல் ரிக்கோ வாங்கியதால் இப்போது பெட்டியில் ரிக்கோ என்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் தன் சொந்த மென்பொருளோடுதான் ஒத்துழைக்கும். மற்ற ஸ்கேன் மென்பொருள்கள் எதிர்பார்க்கும் ட்வைன் என்ற பொது இணைப்பு அதற்குக் கிடையாது. ஒரே கம்பெனி மென்பொருளை நம்பியிருக்க விருப்பமில்லாதவர்கள் பிரதர், எப்சன் ஏடிஎஃப்களைப் பார்க்கலாம்.

ஸ்டேப்ளர் பின்னை எடுக்காமல் உள்ளே விட்டால் கண்ணாடியில் ஒரு கீறல் விழும்; அதன் பிறகு எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடும். கீறலே இல்லாமல் ஒரு துளி பசையோ வெள்ளை மையோ ஒட்டினாலும் இதே கோடு வரும், அதைத் துடைத்தால் போய்விடும். லேமினேட் செய்ததையும் முத்திரைத்தாளையும் இதில் விடவே கூடாது.

புத்தகத்தின் மேலே கேமரா தொங்கும் வகையும், கையால் இழுக்கும் குச்சி வகையும் உண்டு. முதலாவது பெரிய நூலகம் வைத்திருப்பவருக்கு. இரண்டாவது யாருக்கும் வேண்டாம்.

பழையது ஏன் மலிவு

சென்னை ரிச்சி தெருவிலும், பழைய பொருள் விற்கும் செயலிகளிலும், ஒரு காலத்தில் பெரிய விலைக்கு விற்ற சிசிடி ஸ்கேனர்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். பெரும்பாலும் கண்ணாடி, விளக்கு எல்லாம் நன்றாகவே இருக்கும். காரணம் டிரைவர், அதாவது ஸ்கேனரைக் கணினியோடு பேசவைக்கும் நிரல். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஸ்கேனருக்கு 64 பிட் விண்டோஸில் ஓடும் டிரைவரைப் பல நிறுவனங்கள் எழுதவே இல்லை. கம்பியைச் சொருகினால் கணினி அதைக் கண்டுகொள்ளாது.

இதற்கு இரண்டு மாற்று. ஹாம்ரிக் என்ற அமெரிக்கரின் வ்யூஸ்கேன் மென்பொருள், ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேனர்களுக்குத் தானே டிரைவர் வைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் சோதனைப் பதிப்பை இறக்கி உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பழகியவர்களுக்கு சேன் என்ற இலவச அமைப்பு இருக்கிறது. அதன் இணையப் பட்டியலில் மாடல் பெயரைத் தேடினால் எந்த அளவு வேலை செய்யும் என்று போட்டிருக்கும். ஆகவே பழைய ஸ்கேனர் வாங்கும்போது மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, இந்த இரண்டு பட்டியலையும் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்குங்கள். வாங்கிய சிசிடி ஸ்கேனர் சத்தம் போட்டு முரண்டு பிடித்தால், அடியில் பூட்டுப் படம் போட்ட ஒரு சிறு நெம்பு இருக்கும். வண்டியில் கொண்டுபோகும்போது உள்பாகம் ஆடாமல் இருக்க வைத்த பூட்டு அது. அதைத் திறக்காமல் ஓட்டுவதால்தான் அந்தச் சத்தம்.

புதியதற்கும் இதே எச்சரிக்கைதான். நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு உங்கள் விண்டோஸ் அல்லது மேக் பதிப்பின் பெயரில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடைக்காரரின் “எல்லாத்துலயும் ஓடும் சார்” போதாது.

எண்ணை மாற்றிய இயந்திரம்

2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு வீட்டு வரைபடம் ஸ்கேன் ஆன விதத்தில் விபரீதம் ஒன்றைக் கவனித்தார். மூலத் தாளில் மூன்று அறைகளுக்கும் மூன்று வெவ்வேறு பரப்பளவு: 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேன் செய்து வந்த தாளில் மூன்று அறைக்கும் 14.13. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை; அச்சடித்ததுபோல் தெளிவாக, ஆனால் தவறாக இருந்தது. இயந்திரம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பெரிய அலுவலக ஸ்கேனர். கோப்பைச் சிறிதாக்க ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துத் துண்டுகளைச் சேர்த்து ஒன்றையே எல்லா இடத்திலும் ஒட்டுகிறது. வேறு தாள்களின் பொடி எழுத்தில் 6ம் 8ம் அதற்கு ஒன்றாகத் தெரிந்துவிட்டன. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது.

சர்வே எண்ணும் சதுர அடியும் நிறைந்த பத்திரத்தில் இப்படி ஓர் எண் மாறினால் யாருக்கும் தெரியாது. ஆகவே ஆவணங்களை ஸ்கேன் செய்யும்போது “சிறிய கோப்பு”, “அதிகச் சுருக்கம்” என்று இருக்கும் தெரிவைத் தொடாதீர்கள். மூலப் பதிவை 300 டிபிஐ கிரே அல்லது கலரில், ஜேபெக் தரத்தை உயர்வாக வைத்து எடுங்கள். விண்ணப்பத் தளங்கள் இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று கேட்கும். அதற்கு ஒரு பிரதி எடுத்து அதைச் சுருக்குங்கள். மூலம் மூலமாகவே இருக்கட்டும். சேமிக்கும்போது பிடிஎஃப்/ஏ என்ற தெரிவு இருந்தால் அதையே எடுங்கள். நீண்ட காலம் வைத்துப் படிப்பதற்கென்று வகுத்த பிடிஎஃப் வடிவம் அது.

தமிழ் எழுத்தாக மாற்ற

ஸ்கேன் செய்தது படம். அதில் ஒரு பெயரைத் தேட வேண்டும் என்றால் எழுத்தாக மாற்ற வேண்டும். இதை ஓசிஆர் என்கிறோம். “ஓசிஆர் இலவசம்” என்று பெட்டியில் இருந்தால் அதன் மொழிப் பட்டியலைப் பாருங்கள். ஐரோப்பிய மொழிகள் வரிசையாக இருக்கும், தமிழ் பெரும்பாலும் இருக்காது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தமிழுக்கு இலவசமாகவே இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது. நீளமான பிடிஎஃப் என்றால் சில பக்கங்களாகப் பிரித்துக் கொடுங்கள். இன்னொன்று டெசராக்ட். எச்பி நிறுவனம் 1980களில் தொடங்கி, 2005இல் திறமூலமாக வெளியிட்டு, பின்னர் கூகுள் வளர்த்த மென்பொருள். மேலே சொன்ன நாப்ஸ்2க்குள் தமிழ் மொழிக் கோப்பை இறக்கிக்கொண்டால் இது கணினிக்குள்ளேயே வேலை செய்யும். சொத்துப் பத்திரத்தை வெளியே எங்கும் அனுப்ப விரும்பாதவர்களுக்கு இதுவே நல்லது.

அச்சு சுத்தமாக இருந்தால் இரண்டுமே நன்றாகப் படிக்கும். தடுமாறும் இடங்கள் உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய புத்தகங்களில் ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். தும்பிக்கை வைத்த லை என்றால் வயதானவர்களுக்குப் புரியும். அவற்றைக் கணினி வேறு எழுத்தாகப் படித்துவிடும். கையால்தான் திருத்த வேண்டும். கையெழுத்துப் பத்திரங்களிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே “2004 விற்பனைப் பத்திரம் அம்மா பெயர்” என்று எழுதி வைப்பது எந்த ஓசிஆரையும்விட வேகமாகத் தேட உதவும்.

வாங்கி வந்த அன்றே

திருப்பிக் கொடுக்கும் கெடு சில நாள்தான். அதற்குள் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை நேராக வைத்து எடுங்கள். கோடுகள் அலை அலையாகவோ ஒரு பக்கம் சரிந்தோ வந்தால் நகரும் பாகத்தில் கோளாறு. வெள்ளைத் தாளை மட்டும் வைத்து கிரேயில் எடுத்து முழு அளவில் பாருங்கள்; மேலிருந்து கீழ் ஒரு கோடு தெரிந்து, துடைத்தும் போகவில்லை என்றால் சென்சார் பழுது. பிறகு உங்கள் நான்காம் குவியலில் மிக மோசமான தாள் ஒன்றை, மங்கிய டைப் எழுத்தோ பொடி எழுத்தோ, 300 டிபிஐ கிரேயில் எடுத்து இருமடங்கு பெரிதாக்கிப் புள்ளிகளைத் தேடுங்கள். எல்லாப் புள்ளியும் இருந்தால் ஸ்கேனர் நல்லது.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தை நேராக அதன்மேல் தெளிக்காதீர்கள், ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். மெல்லிய துணியில் கொஞ்சம் நனைத்துத் துடைத்தால் போதும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் பூஞ்சை பிடிக்கும். அதைத் துடைக்க முழுதும் பிரிக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, வந்த பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

வாரண்டிக்கு கடை பில்லைக் கேட்பார்கள். அதுவும் வெப்பத்தாளில்தான் வரும். புதிய ஸ்கேனரில் முதல் வேலையாக அதையே ஸ்கேன் செய்துவிடலாம்.